படித்துறையில் ஒரு ஜோடி செருப்பு
(த்ரில்லர் தொடக்கம்: முதல் இரண்டு நிமிடங்கள்)

மாணவர்கள் எடுத்துவந்து காட்டும் த்ரில்லர் படங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குகின்றன. தலையை மூடிய ஹூடி போட்ட ஒருவன் இருட்டில் நடந்து வருவான். முகம் தெரியாது. கையில் கறுப்புக் கையுறை. அடுத்த ஷாட்டில் ஒரு சுவர். அதில் புகைப்படங்கள், செய்தித்தாள் துண்டுகள், அவற்றை இணைக்கும் சிவப்பு நூல். பிறகு அரிவாளோ கத்தியோ மின்னும், ஓர் அலறல் கேட்கும், திரை கறுக்கும், ரத்தம் வழிகிற எழுத்தில் தலைப்பு வரும்.

மே மாதத்துத் திருநெல்வேலியில் ஹூடி போட்டுக்கொண்டு நடப்பவனைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். "என்னடே, காய்ச்சலா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

நானும் இதே தப்பைச் செய்துவிட்டு வந்தவன்தான். படிக்கிற காலத்தில் எடுத்த முதல் படத்துக்கு மூடுபனி வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கொக்கிரகுளம் பக்கம் ஆற்றங்கரையில் நாலு தூபக்கால் வைத்து சாம்பிராணி போட்டோம். ஆனி மாதக் காற்று. போட்ட புகை முழுக்க எதிர்த்திசையில் போய் ஒரு வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. அந்த வீட்டு ஆச்சி வெளியே வந்து, "யாரு வீட்லய்யா விசேஷம்?" என்று கேட்டார். அந்த ஒரு வரி எங்கள் படம் முழுவதையும்விட நன்றாக இருந்தது. மைக் அணைந்திருந்ததால் பதிவாகவில்லை.

கல்லூரியில் கேட்கிற இரண்டு நிமிடத் தொடக்கக் காட்சியை இந்த ஊர் வெயிலிலும் இந்த ஆற்றங்கரையிலும் எப்படி எடுப்பது என்பதுதான் இந்த அத்தியாயம். கேமரா நுட்பங்களும் வரும். அதற்கு முன்னால் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

மரபு எது, வேஷம் எது

த்ரில்லருக்கு மரபுகள் உண்டு. அவற்றைப் பின்பற்றுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்வையாளருக்கு ஒரு கேள்வியைக் கொடு, பதிலைத் தள்ளிப்போடு. அன்றாடம் ஒழுங்காக நடக்கும் ஒன்றில் ஒரு பிசகைக் காட்டு. ஆபத்தை முழுசாகக் கண்ணில் காட்டாதே. பாத்திரத்துக்குத் தெரிந்ததைவிடப் பார்வையாளருக்குக் கூடவோ குறையவோ தெரியட்டும், சமமாக மட்டும் தெரிய வேண்டாம். மரபு என்பது இவ்வளவுதான். ஹூடியும் மூடுபனியும் சிவப்பு நூலும் மரபில் சேராது, வேஷத்தில் சேரும். குளிர் நாட்டுக் கதைகளுக்குத் தைத்த சட்டை அது. நம் உடம்புக்குப் பொருந்தாததில் ஆச்சரியம் என்ன?

தமிழில் இந்த மரபு 70 ஆண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது. 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். தயாரித்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். முதல் காட்சியிலேயே துப்பாக்கி வெடிக்கிறது, சிவாஜி கணேசன் சுருண்டு விழுகிறார். கதாநாயகன் செத்த பிறகுதான் கதை தொடங்குகிறது. சுட்டவர் யார் என்பது படம் முடிய நீளும் கேள்வி. மூடுபனியும் முகமூடியும் இல்லாத ஒரு வீடு, ஒரு குண்டு, அடுத்த வீட்டுக்காரரின் பதற்றம், அவ்வளவே. இரண்டு நிமிடத்தில் ஒரு கேள்வியைப் பார்வையாளர் மடியில் தூக்கிப் போடுவது எப்படி என்று அறிய வேறு பாடம் வேண்டியதில்லை.

இன்னொரு வழி ஹிட்ச்காக் காட்டியது. மேசைக்கு அடியில் குண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் வெடித்தால் 15 விநாடி அதிர்ச்சி. தெரிந்துவிட்டால், மேசையில் இருப்பவர்கள் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் 15 நிமிடமும் பதைப்பு. இயக்குநர் த்ரூஃபோவுடனான நீண்ட உரையாடலில் அவர் விளக்கிய கணக்கு இது. ஆர்சன் வெல்ஸ் 1958-இல் 'டச் ஆஃப் ஈவில்' படத்தின் தொடக்கத்தில் அதையே செய்தார். காரின் டிக்கியில் ஒருவன் குண்டு வைப்பதைக் காட்டிவிட்டு, மூன்று நிமிடத்துக்கு மேல் வெட்டே இல்லாமல் அந்தக் காரையும் தெருவையும் கேமரா தொடர்கிறது. கேமராவை நீளமாக ஓட்டியது வித்தை காட்ட அல்ல. குண்டு எப்போது வெடிக்கும் என்று நாம் எண்ணிக்கொண்டிருக்கையில் வெட்டு விழுந்தால் எண்ணிக்கை கலைந்துவிடும்.

கையில் காசில்லாதவர்கள் 'ஜாஸ்' படத்தின் தொடக்கத்தைத் திரும்பத் திரும்பப் பாருங்கள். 1975-இல் ஸ்பீல்பெர்க் எடுத்தது. இயந்திரச் சுறா கடலுப்பில் அடிக்கடி பழுதாகி நின்றதால், சுறாவைக் காட்டாமலேயே பெரும்பகுதியைச் சமாளிக்க வேண்டியதாயிற்று. முதல் காட்சியில் நீந்துகிற பெண்ணும் தண்ணீரும் மட்டும்தான். இல்லாத பொருள் எப்படி நுட்பமாகிறது பாருங்கள். அந்தத் தண்ணீருக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

பட்டப்பகல் பயம்

நம் பக்கத்துக்கு வருவோம். 'பரியேறும் பெருமாள்' (2018) த்ரில்லர் வகையில் சேர்கிற படம் இல்லை. ஆனால் அதன் தொடக்கத்தை ஷாட் ஷாட்டாக எழுதிப் பார்க்காமல் யாரும் இந்த மாவட்டத்தில் கேமராவைத் தூக்க வேண்டாம் என்பேன். வறண்ட காடு, வேட்டை நாய்கள், ஒரு குளம், கலகலப்பாக நிற்கும் இளைஞர்கள். சற்று நேரத்தில் கருப்பி என்ற நாய் தண்டவாளத்தில் கட்டப்பட்டுக் கிடக்கிறது, ரயில் வருகிறது. இருட்டு ஒரு துளி இல்லை. பட்டப்பகல். அதே படத்தில் வரும் கிழவரை நினைத்துப் பாருங்கள். கொலையை விபத்துபோலவும் தற்கொலைபோலவும் செய்துவிட்டு நடந்துபோகிற அவர் பஸ்ஸில் நம் பக்கத்து சீட்டில் உட்காரக்கூடிய சாதாரண ஆள். இயக்குநர் மாரி செல்வராஜ் அவருக்கு ஹூடி மாட்டவில்லை.

'கர்ணன்' (2021) தொடக்கம் இன்னும் கடுமை. நடுச்சாலையில் ஒரு சிறுமி வலிப்பு வந்து துடிக்கிறாள். வண்டிகள் நிற்காமல் ஒதுங்கிப் போகின்றன. மேலிருந்து பார்க்கிற கோணத்தில் அவள் சிறுபுள்ளியாகிறாள். டாப் ஆங்கிளை மாணவர்கள் அழகுக்காகப் போடுவார்கள். இங்கே அதற்கு அர்த்தம் உண்டு: உதவக்கூடிய உயரத்தில் யாருமே இல்லை. ஒரு கோணத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் அந்த உயரத்தில் நிற்பது யார் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். கடவுளா, கொலைகாரனா, ட்ரோன் வாங்கிய நண்பனா?

நம் பொருநை ஆற்றின் கரையை வைத்து நேரடியான த்ரில்லர் என்றால் ஜீத்து ஜோசப் இயக்கிய 'பாபநாசம்' (2015). மலையாள 'த்ரிஷ்யம்' படத்தை நெல்லைப் பேச்சில் மீண்டும் எடுத்தது. வசனம் ஜெயமோகன். கமல்ஹாசன் நடித்த சுயம்புலிங்கம் கேபிள் டிவி நடத்துபவன். அவனுக்குத் தெரிந்த தந்திரமெல்லாம் சினிமா பார்த்துக் கற்றவை. எதை எப்போது யார் கண்ணில் படவைப்பது, எதை மறைப்பது என்று ஓர் எடிட்டரைப்போல ஊரையே வெட்டி ஒட்டுகிறான். அந்தப் படத்தில் பதைப்பை உண்டாக்குபவை ஓட்டல் பில், பஸ் டிக்கெட் மாதிரி அற்பமான பொருட்கள். நாம் தேடுவதும் அதைத்தான்.

ஆக, என் கட்சி இது: இந்த மண்ணில் பயம் இருட்டிலிருந்து வராது. தினமும் பார்க்கிற இடத்தில், எல்லோர் கண்ணெதிரிலும், ஒரு பொருள் இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால் வரும். இருட்டு என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு நெல்லையப்பர் கோயில் எதிரே இருட்டுக்கடை அல்வாதான் ஞாபகம் வரும். நாக்கில் எச்சில் ஊறுமே தவிர மயிர் கூச்செறியாது.

அரிவாள் பற்றியும் ஒரு வார்த்தை. நெல்லை என்றால் அரிவாள் என்று வெளியூர்ப் படங்கள் எழுதி வைத்திருக்கின்றன. வெட்டுப்பட்டவர்களின் குடும்பங்கள் இங்கே நிஜமாகவே இருக்கின்றன. அடுத்த தெருவிலேயே இருக்கலாம். அரிவாளை வாழைத்தோட்டத்திலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

வெளிச்சம்

திருநெல்வேலி நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்பது பாகைகூட விலகியில்லை. சூரியன் ஏறுவதும் இறங்குவதும் செங்குத்தாக. அதனால் மறைந்தபின் மிஞ்சுகிற நீல வெளிச்சம் ஏறக்குறைய 20 நிமிடம்தான். ஐரோப்பியப் பயிற்சி வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு "மேஜிக் ஹவரில் பத்து ஷாட்" என்று எழுதி வைத்தால் மூன்றாவது ஷாட்டில் கொசுதான் மிஞ்சும். விடியற்காலை நல்லது. கூட்டம் குறைவு, காற்று அடங்கியிருக்கும், வெளிச்சம் கூடிக்கொண்டே போவதால் தவறினாலும் ஷாட் கையைவிட்டுப் போகாது. பாளையங்கோட்டைக் கரையில் நின்று டவுன் பக்கம் பார்த்தால் காலை வெயில் நமக்கு முதுகில். அதே இடத்தில் மாலை எடுத்தால் எதிர்வெயிலில் ஆள் நிழலுருவாகிவிடுவான். எது வேண்டும் என்று முந்தின நாளே போய்ப் பார்த்து வாருங்கள்.

உச்சிவெயில் கெட்டது என்று எல்லாரும் சொல்வார்கள். கல்யாண ஆல்பத்துக்குக் கெட்டதுதான். நெற்றி பளபளக்கும், கண்குழி இருண்டுவிடும். ஆனால் கண் தெரியாத முகம் த்ரில்லருக்கு வரம். பன்னிரண்டு மணி வெயிலில், தலைக்கு மேல் சூரியனோடு, ஒருவரை வேப்பமர நிழல் விளிம்பில் நிறுத்திப் பாருங்கள். சிரிக்கிறாரா முறைக்கிறாரா என்று சொல்ல முடியாது. தெர்மாகோல் பிடித்து அந்த நிழலை நிரப்பிவிடாதீர்கள்.

நிழல் வேண்டுமென்றால் ஊரிலேயே இரண்டு இடங்கள் உண்டு. ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்தின் கீழ்த்தளம் ஒன்று. 1843-இல் திறக்கப்பட்ட சுலோச்சன முதலியார் பாலத்தின் வளைவுகள் மற்றொன்று. ஆற்றுமட்டத்தில் நின்று பார்த்தால் ஒவ்வொரு வளைவும் சட்டத்துக்குள் சட்டம். அந்த வளைவுக்குள் தூரத்தில் ஓர் ஆளை நிறுத்தினால், அவர் ஒன்றும் செய்யாமல் நின்றாலே நாம் சந்தேகப்பட ஆரம்பித்துவிடுவோம்.

கைப்பேசியில் எடுப்பவர்களுக்கு ஒரு தொழில்நுட்பக் குறிப்பு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். விநாடிக்கு 25 ஃபிரேம், ஷட்டர் 1/50 என்று பூட்டிவிடுங்கள். 30 ஃபிரேமில் தானியங்கியாக விட்டால் தெருவிளக்கும் டியூப்லைட்டும் திரையில் அலையலையாகத் துடிக்கக்கூடும். அந்தத் துடிப்பு பயமாக இருக்கிறது என்று சமாளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்; பார்வையாளர் கண்ணுக்கு அது பிழையாகத்தான் படும்.

காட்சி

இனி செய்துபார்க்கலாம். காலை ஆறரை. ஆற்றுப் படித்துறை. ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, மடித்த துண்டு, சோப்பு டப்பா, ஒரு கைப்பேசி. ஆள் இல்லை. ஆற்றிலும் அவற்றுக்குரிய ஆள் இல்லை. கதை அவ்வளவுதான்.

முதல் ஷாட்டை எதிர்க்கரையிலிருந்து எடுங்கள். கைப்பேசியின் மூன்று மடங்கு லென்ஸ், ட்ரைபாட், அசைவே இல்லை. முன்னால் கொஞ்சம் நாணல் மங்கலாகத் தெரியட்டும். தூரத்துப் படிகள், ஓரத்தில் துணி துவைக்கும் ஒரு சிறுவன், படியில் ஒரு சிறு நிறப்புள்ளி. பன்னிரண்டு விநாடி. மாணவர்களுக்கு இது நீளமாகத் தோன்றும். நாலு விநாடியில் வெட்டக் கை பரபரக்கும். பொறுங்கள். நாணலுக்கு இந்தப் பக்கம் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருப்பது யார் என்ற கேள்வி எட்டாவது விநாடியில்தான் பிறக்கும். மறைவிலிருந்து பார்ப்பவனை மரபு கேட்கிறது. அவனை நீங்கள் காட்ட வேண்டியதில்லை, லென்ஸே அவன்.

அடுத்து செருப்பு, க்ளோஸ்-அப். ஒரு செருப்பின் வார் அறுந்து ஊக்கு மாட்டியிருக்கிறது. அந்த ஊக்கில் ஃபோகஸ் துல்லியமாக இருக்கட்டும். படத்தின் கடைசியில் வேறொருவர் காலில் அந்த ஊக்கு திரும்ப வந்தால் பார்வையாளர் தானாகவே அடையாளம் காண்பார், வசனம் தேவைப்படாது. தடயம் என்றால் ரத்தத் துளி என்று நினைக்கிறோம். ஐந்து பைசாப் பொருள் நன்றாக வேலை செய்யும்.

பெரியவர் ஒருவர் படியிறங்கி வருகிறார். தினமும் குளிக்க வருபவர். கேமராவைப் படியின் மேலேயே வையுங்கள், கால்கள் மட்டும் தெரியும்படி. மிஷ்கின் படங்களில் கால்கள் நிறையப் பேசும். நம் படித்துறையும் கால்களுக்காகக் கட்டியதுதான். அந்தக் கால்கள் செருப்பை மிதிக்காமல் ஒதுங்கிப் போகின்றன. இரண்டடி போய் நிற்கின்றன. அந்தத் தயக்கம்தான் நடிப்பு. நடிகரிடம் "பயப்படுங்கள்" என்று சொல்லாதீர்கள், "யாருடையது என்று யோசியுங்கள்" என்று சொல்லுங்கள்.

துணி துவைக்கும் அந்தச் சிறுவனிடம் கேட்கிறார்.

"எலே, யாரு செருப்புலே இது?"

"தெரியல தாத்தா. நான் வரும்போதே கெடந்துச்சு."

இப்போது பெரியவர் ஆற்றைப் பார்க்கிறார். அவர் முகம், பிறகு அவர் பார்க்கும் ஆறு. தண்ணீர் மட்டும். மீண்டும் முகம். இதையே மூன்று முறை செய்யுங்கள், ஒவ்வொரு முறையும் ஆறு முன்பைவிட ஒரு விநாடி கூடுதல். மூன்றாவது முறை, கேமராவைத் தண்ணீர் மட்டத்தில் வையுங்கள். இதற்குச் சிறிய கண்ணாடி மீன்தொட்டி போதும். கைப்பேசியை உள்ளே நிறுத்தி, தொட்டியைப் பாதி ஆற்றில் அமுக்கினால் திரையின் நடுவே நீர்க்கோடு ஓடும். மேல்பாதி படித்துறை, கீழ்பாதி பச்சைக் கலங்கல். தண்ணீர் தொட்டியை மேலே தள்ளும், இரண்டு பேர் அழுத்திப் பிடிக்க வேண்டும். தொட்டி கசிகிறதா என்று முதலில் வீட்டு வாளியில் சோதியுங்கள். என் நண்பனின் கைப்பேசி ஒன்று பொருநையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டது.

தண்ணீரின் பளபளப்பைக் கூட்டவோ குறைக்கவோ போலராய்டு கூலிங்கிளாஸை லென்ஸ் முன்னால் பிடித்துத் திருப்பினால் போதும். ஒரு கோணத்தில் பளபளப்பு மறைந்து கூழாங்கல் தெரியும். இன்னொரு கோணத்தில் வானம் மட்டும் தெரியும். நமக்கு வேண்டியது இரண்டாவது. அடியில் என்ன இருக்கிறது என்று தெரியக்கூடாது.

கைப்பேசி ஒலிக்கிறது. திரையில் 'அம்மா'. பெரியவர் எடுக்கவில்லை, பிறர் பொருள். நின்றுவிடுகிறது. மறுபடி ஒலிக்கிறது. இந்த இடத்தில் பார்வையாளர் முடிவே செய்துவிட்டார்: பையன் ஆற்றோடு போய்விட்டான், தாய் கூப்பிடுகிறாள். முடிவு செய்யட்டும். அவர் செய்த முடிவு நமக்குக் கையிருப்பு. மூன்றாம் முறை பெரியவர் கையைத் துண்டில் துடைத்துவிட்டு எடுக்கிறார்.

"ஏ தாயி, இந்தப் போனு இங்க படித்துறைல கெடக்கு. ஒங்க பையன் குளிக்க வந்தானா?"

"அவன் இங்கல்லா தூங்கிட்டு கெடக்கான். போனக் காணும்னுதான் அடிச்சுப் பாக்கேன். நீங்க யாரு பேசுதிய?"

இதுவரை கேமரா ஒருமுறைகூட நகர்ந்திருக்கக்கூடாது. எல்லாமே நிலையான ஷாட்கள். "நீங்க யாரு" என்ற சொல்லில்தான் முதல் அசைவு: மெல்ல, மிக மெல்ல, பெரியவரின் முகத்தை நோக்கி. ஜிம்பல் இருந்தால் நல்லது, இல்லையென்றால் மூச்சைப் பிடித்துக்கொண்டு மூன்றடி நடங்கள். ஒன்றரை நிமிடம் சும்மா இருந்த கேமரா நகர்ந்தாலே அடிவயிறு கலங்கும். தொடக்கத்திலிருந்தே ஆடிக்கொண்டிருந்த கேமராவுக்கு இந்த இடத்தில் செலவழிக்கக் கையில் ஒன்றும் இருக்காது. நுட்பங்களைச் சேர்த்து வைக்கப் பழகுங்கள்.

இன்னொரு சேமிப்பும் உண்டு. பெரியவருக்கும் ஆற்றுக்கும் இடையே ஒரு கற்பனைக் கோடு போட்டுக்கொண்டு, கேமராவை எப்போதும் அதன் ஒரே பக்கம் வையுங்கள். ஆறு எல்லா ஷாட்டிலும் திரையின் இடப்புறம். கோட்டைத் தாண்டக்கூடாது என்பது விதி. தாயின் பதிலுக்குப் பிறகு, ஒரே ஒருமுறை, வேண்டுமென்றே தாண்டுங்கள். ஆறு வலப்பக்கம் வந்துவிடும். என்ன மாறியது என்று பார்வையாளரால் சொல்ல முடியாது, ஆனால் உலகம் திரும்பிவிட்டதாகத் தோன்றும்.

கடைசி ஷாட். பெரியவரின் பார்வை கீழே இறங்குகிறது. கேமரா அதோடு தாழ்கிறது. படிக்கல்லில் ஈரக் காலடிகள். ஆற்றிலிருந்து மேலேறி, அவர் நின்ற இடத்தைத் தாண்டி, தெருப்பக்கம் போகின்றன. ஈரம் இன்னும் காயவில்லை. அந்தக் கல்லின் மேலேயே தலைப்பு வரட்டும்.

காலடியை எடுக்கும்போது அவசரப்பட வேண்டாம் என்று சொல்ல நினைத்தேன். உண்மையில் அவசரம்தான் படவேண்டும். வெயில் ஏறிவிட்டால் கல் ஓரிரு நிமிடத்தில் உலர்ந்துவிடும். ஒருவர் வாளியோடு தயாராக நிற்க வேண்டும். ஒவ்வொரு டேக்குக்கும் அதே ஆள், அதே கால், அதே படிகள். கன்டினியூட்டிக்குப் படிகளைச் சாக்பீஸால் ஓரத்தில் எண்ணிட்டு வையுங்கள்.

சத்தம்

ஆற்றங்கரையில் ஒரு விசித்திரம் உண்டு, சின்ன வயதிலேயே எல்லாரும் கவனித்திருப்போம். எதிர்க்கரையில் ஒருவர் கல்லில் துணியை அடிப்பார். துணி மறுபடி மேலே போனபிறகுதான் சத்தம் வந்து சேரும். ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் போகிறது. ஆறு 100 மீட்டர் அகலம் என்றால் சுமார் 0.3 விநாடி தாமதம், அதாவது 25 ஃபிரேம் கணக்கில் ஏழெட்டு ஃபிரேம். எடிட்டிங் தெரிந்த பிள்ளைகள் இதைப் பிழை என்று நினைத்துச் சரிசெய்துவிடுவார்கள். செய்யாதீர்கள். முதல் ஷாட்டில் அந்தத் தாமதத்தை அப்படியே விடுங்கள். பெரியவர் ஆற்றைப் பார்க்கும் இடத்தில் துவைக்கும் சத்தத்தை மட்டும் நிறுத்திவிடுங்கள். பின்னணி இசை போட்டு இந்த விளைவைக் கொண்டுவர முடியாது.

படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாரையும் வாயை மூடச் சொல்லி அந்த இடத்தின் வெறுஞ்சத்தத்தை இரண்டு நிமிடம் பதிவு செய்யுங்கள். ஆறு, காகம், தூரத்து ரயில், கோயில் மணி. வசனங்களுக்கு நடுவே ஒட்டவைக்க இதுதான் பசை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் 'ரிவர் சவுண்ட்' எடுத்துப் போட்டால் ஏதோ கனடா நாட்டு ஓடை பொருநையில் ஓடும்.

பேச்சு நெல்லைப் பேச்சாக இருக்கட்டும். 'பாபநாசம்' படத்துக்காக இந்த ஊர்க்காரரான எழுத்தாளர் சுகா வட்டார வழக்குக்குத் துணை நின்றார். கமல்ஹாசனுக்கே பயிற்சி தேவைப்பட்டது. உங்களுக்கு வீட்டிலேயே ஆச்சி இருக்கிறார், அவரைப் பேசவிட்டுப் பதிவு செய்து கேளுங்கள். ஒன்று மட்டும்: எல்லா வாக்கியத்திலும் "ஏலே" போட்டால் அது நெல்லை இல்லை, நகைச்சுவை நிகழ்ச்சி.

அனுமதியும் தண்ணீரும்

தண்டவாளம் அழகானது, எல்லாருக்கும் அங்கே ஒரு ஷாட் வேண்டும். அத்துமீறி நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறைக்குரிய குற்றம். 'பரியேறும் பெருமாள்' எடுத்தவர்கள் ஒரு முழுக்குழு; நீங்கள் மூன்று பேரும் ஒரு செல்ஃபி ஸ்டிக்கும். வேண்டாம். பாபநாசம் மேலணை, மாஞ்சோலை, முண்டந்துறைக் காடுகள் புலிகள் காப்பகத்துக்குள் வருகின்றன. வனத்துறை அனுமதி இல்லாமல் கேமராவைத் திறக்கக்கூடாது. கோயில்களுக்கு நிர்வாகத்திடம் எழுதிக் கேட்க வேண்டும். ட்ரோன் பறக்கவிடுபவர்கள் 2021 ட்ரோன் விதிகளின்படி எந்தப் பகுதி பச்சை, எது சிவப்பு என்று வரைபடத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கூடங்குளம் நம் மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஆறு பற்றிச் சற்றுக் கண்டிப்பாகவே சொல்கிறேன். பாபநாசம் அணையின் முழு நீர்மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. மலையில் மழை பெய்தாலோ அணையில் நீர் திறந்தாலோ இங்கே வானம் வெளுத்திருக்கும்போதே தண்ணீர் ஏறும். முதல் நாள் நாளிதழில் அணை நிலவரத்தைப் பாருங்கள். ஆற்றுக்குள்ளேயே நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலைத் தண்ணீர் சூழ ஆரம்பித்துவிட்டால் மூட்டையைக் கட்டுங்கள். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளத்தில் இதே படித்துறைகள் எங்கே இருந்தன என்றே தெரியாமல் போயின. நீச்சல் தெரிந்த ஒருவர் கேமராவுக்குப் பின்னால் சும்மா நிற்க வேண்டும். அவருக்கு வேறு வேலை தராதீர்கள். நடிகர் முழங்காலுக்கு மேல் இறங்க வேண்டிய ஷாட் இந்தக் காட்சியில் ஒன்றுகூட இல்லை, அப்படித்தான் எழுதியிருக்கிறேன்.

படித்துறையில் குளிப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெண்கள் குளிக்கும் பக்கம் லென்ஸைத் திருப்பாதீர்கள். எதிர்க்கரை ஷாட் எடுக்கும்போது இது முக்கியம். எந்தப் பக்கம் எத்தனை மணிக்குக் காலியாகும் என்று அங்கேயே துணி துவைப்பவரிடம் கேட்டால் சொல்லிவிடுவார். பக்கத்துக் காவல் நிலையத்தில் கல்லூரிக் கடிதம் ஒன்றைக் கொடுத்து வைப்பதும் நல்லது.

கடைசியாக ஒன்று. பேக்கப் சொன்னதும் ட்ரைபாடையும் மீன்தொட்டியையும் எடுத்துவிட்டுச் செருப்பை மறந்துவிட்டுப் போகாதீர்கள். ஆளில்லாத செருப்பையும் துண்டையும் யாராவது பார்த்தால் ஊர் கூடும், தீயணைப்பு வண்டி வரும், ஆற்றில் ஆள் இறங்கித் தேடுவார்கள்.